இரண்டு நிரல், ஒரு பக்கம்

சுனைமலையில் கணினி கற்பிக்கும் மடம் ஒன்று இருந்தது. குரு நப்பின்னைக்கு முப்பத்தைந்து வயதுதான். சீடர் சாத்தப்பனுக்கு ஐம்பத்தாறு. வயது ஏறியதே தவிர, அவருடைய முன்கோபம் இறங்கவில்லை.

அந்த மடத்தில் திருட்டுக்கு மன்னிப்பு கிடையாது. திருடியவர் அன்றே வெளியேற வேண்டும்.

ஒருநாள் காலை சாத்தப்பன், சக சீடன் வல்லிநாயகத்தின் பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தார். உள்ளேயிருந்த வேட்டி சட்டையெல்லாம் மண்ணில் சிதறின. வல்லிநாயகம் வாசலுக்கு ஓடிவந்தான்.

சத்தம் கேட்டு நப்பின்னை வந்தார். “என்ன இது?”

“திருட்டும்மா! ஒரே கணினியில என் நிரலும் இவன் நிரலும் ஓடிக்கிட்டிருக்கு. நினைவகத்தைப் பக்கம் பக்கமாப் பிரிச்சு எண் போட்டிருக்குல்ல, அதுல என் நிரல் படிக்கிற பக்கத்தோட எண்ணைப் பார்த்தேன். இவனுதுக்கும் அதே எண்! என் பக்கத்துக்குள்ள புகுந்துட்டான். இவனை அனுப்புங்க. இல்லேன்னா நான் போறேன்.”

“அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?”

“நம்ம மடத்துச் சொற்பட்டியல்.”

“யார் எழுதினது?”

“முன்னால இங்க படிச்சவங்க.”

நப்பின்னையின் முகம் சிவந்தது. “ரெண்டு பேரும் அதையேதான் படிக்கிறீங்க. ஒரே பக்கத்தை ரெண்டு தடவை ஏத்தி எதுக்கு இடத்தை அடைக்கணும்னு, கணினியை நடத்துற இயங்குதளம் ஒண்ணையே ரெண்டு பேருக்கும் காட்டுது. இதுல யார் எங்க புகுந்தாங்க?”

“எனக்குத் தனிப் பக்கம் வேணும்!”

“வாங்க. உங்க நிரலை வச்சு அந்தப் பக்கத்துல ஒரு எழுத்தை மாத்துங்க.”

சாத்தப்பன் விசையை ஓங்கித் தட்டினார். திரையில் அவர் பக்கத்தின் எண் மாறியது. வல்லிநாயகத்தின் எண் அப்படியே இருந்தது.

“இப்ப இது என்னுது!” என்றார் சாத்தப்பன்.

“எழுதக் கை வச்சா இயங்குதளம் அந்த நிமிஷமே தனிப் பிரதி கொடுத்துடும். என்னைக்குக் கை வச்சிருந்தாலும் கொடுத்திருக்கும். அந்தப் பக்கத்துல எத்தனை எழுத்து?”

“நாலாயிரத்துச் சொச்சம்.”

“அதுல நீங்க எழுதினது?”

சாத்தப்பன் திரையைப் பார்த்தார். “ஒண்ணு” என்றார்.

“அந்த ஒண்ணையும் இப்பத்தான் எழுதினீங்க. பெட்டியை அதுக்கு முன்னாடியே எறிஞ்சுட்டீங்க. போய்ப் பொறுக்கிட்டு வாங்க.”