செவலையும் மயிலையும் சந்தைக்குப் போன கதை

அந்தக் காலத்தில் மாடுகளுக்கு வாய் இருந்தது தின்பதற்கு மட்டுமல்ல, பேசவும்தான். சந்தையில் வாங்க வந்தவன் மாட்டிடமே போய், "உழுவியா?" என்று கேட்பான். "உழுவேன்" என்று அது சொல்லும். விற்பவன் தன் பங்குக்கு, "நல்ல மாடு" என்பான். பேச்சு அதோடு முடிந்தது. ஒரு மாட்டை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கமே அப்போது கிடையாது.

மொக்கராசுவிடம் செவலை, மயிலை என்று இரண்டு எருதுகள் இருந்தன. ஒரே பசுவுக்கு அடுத்தடுத்துப் பிறந்து, ஒரே நுகத்தில் நடந்தவை. மொக்கராசு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தரிசை விளைநிலமாக்கியவன். யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்தவன். ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும்.

மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. வைக்கோல் படப்பு தரையோடு தீர்ந்தது.

"வித்துடுங்கய்யா. ஆனா எங்களைப் பிரிச்சு மட்டும் குடுத்துடாதீங்க" என்றது மயிலை.

மொக்கராசு அதன் கொம்பைப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

சந்தையில் ராக்கன் என்கிற, காடுகரை உள்ள வசதியான சம்சாரி வந்தான். இரண்டுமே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வாங்குகிறவன் அதைக் காட்டிக்கொள்வானா? மயிலையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"என்னய்யா இது, எழுப்பி விட்டாத்தான் எந்திரிக்கும் போலிருக்கே?"

"கண்ணைக் கழுவிட்டு வந்து பாருய்யா. நல்ல மாடு."

"செவலையும் இதே லட்சணம்தானா? அப்ப ஜோடியே வேணாம், போ."

ராக்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலடி நடந்தான். நாலடி நடப்பவன் திரும்பி வருவதற்குத்தான் நடக்கிறான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மொக்கராசுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் ரத்தம் கொதித்துவிட்டது.

"நில்லுய்யா! மயிலை நல்ல மாடு. செவலை அதைவிட நல்ல மாடு!"

சந்தையில் நின்ற மாடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. அப்படியொரு பேச்சை எந்த மாடும் அதுவரை கேட்டதில்லை. செவலை தலையைத் தூக்கியது. மயிலையை விட்டு அரையடி விலகி நின்றது. அந்த அரையடி மொக்கராசு கண்ணில் பட்டது.

ராக்கன் திரும்பி வந்து சிரித்தான். "அப்ப நல்லது எனக்கெதுக்கு? அதைவிட நல்லதை மட்டும் அவுத்து விடு."

"ஜோடியாத்தான் குடுப்பேன்."

"தரம் பிரிச்சது நீ. இப்ப ஜோடிங்கிறே?"

மொக்கராசு செவலையிடம் திரும்பினான். "நீ சொல்லுடா."

"நான் போறேங்கய்யா" என்றது செவலை, மயிலையைப் பார்க்காமல்.

ராக்கன் அதை ஓட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். அங்கே ஒரு வெள்ளை எருது நின்றது. அதன் திமிலைத் தட்டி, ஊர் கேட்கக் கத்தினான்: "இதுதான்யா இந்தச் சந்தையிலேயே நல்ல மாடு!"

செவலையின் தலை தொங்கிப்போயிற்று. திரும்பிப் பார்க்கவும் அதற்கு முகம் இல்லை.

ஒற்றை மாட்டோடு வீடு திரும்பும் வழியெல்லாம் மொக்கராசு புலம்பினான். "உன்னைக் கெட்ட மாடுன்னா சொன்னேன்? நல்ல மாடுன்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. இத்தனை நாளும் எனக்கு அது போதுமா இருந்துச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம்."

மயிலை பேசிய கடைசிப் பேச்சு அது.

அடுத்த வாரம் சந்தையில் ஒரு மாடும் வாய் திறக்கவில்லை. "உழுவியா?" என்றால் வெறுமனே மென்றுகொண்டு நின்றன. மொக்கராசு வரிசை வரிசையாக ஓடினான். "பேசுங்கடா! என்னைத் திட்டவாவது செய்யுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் இரண்டு பேர் ஒரு கிடாரிக்குப் பேரம் பேச ஆரம்பித்தார்கள். அவன் பாய்ந்துபோய் இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்து, தன் துண்டை மேலே போட்டு மூடினான்.

"எதுவானாலும் உள்ளே விரலைத் தொட்டுப் பேசித் தொலைங்க. அதுக காதுல விழ வேணாம்."

அன்று முதல்தான் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேரம் பேசுகிறார்கள். மாடுகளோ இன்னும் நம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.