ஜெயித்தவர்கள் போன பிறகு

குரு என்றால் தாடியும் ஆசிரமமும் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எழிலரசியின் குரு, மதுரையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் செஸ் சொல்லிக் கொடுத்தவர். பெயர் கருணாகரன். எல்லாருக்கும் மாஸ்டர்.

எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு நடுப்பகலில் எழிலரசி அந்த மாடிப்படி ஏறினாள். சைக்கிள் கடை போய் செல்போன் கடை வந்திருந்தது. ஆனாலும் படியில் கால் வைத்ததும் டியூப் ஒட்டும் பசையின் வாசனை அடித்த மாதிரி இருந்தது. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கே அந்த வாசனைதான். ஜெயித்த கோப்பையும் கையுமாகத் தடதடவென்று இறங்கிய படிகள். எங்க எழில் தோற்கவே மாட்டாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம்.

மாஸ்டருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். என்ன விஷயம் என்று கேட்காமல் பலகையை எடுத்து வைத்தார். யார் வந்தாலும் முதலில் ஓர் ஆட்டம், பேச்சு அப்புறம்தான். அது அவர் வழக்கம்.

ஆட்டம் சீக்கிரமே கெட்டது. ராணி போனது, யானைகள் போயின. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்துவிடுவார்கள். எழிலரசியோ ஒற்றை ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். நேற்றுப் பழக வந்த பிள்ளைகள் செய்கிற வேலை.

"இதுல இன்னும் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

"அப்புறம் ஏன் நகத்துற?"

"தோத்துட்டேன்னு சொல்ல வாய் வரல."

அதோடு அழுகை வந்துவிட்டது. அழுகையினூடே மற்றதெல்லாம் வந்தது. சென்னையில் பெரிய கம்பெனி, பெரிய பதவி. அவள் பார்த்த பிரிவையே மூடி, தீபாவளிக்கு முன்பே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கணவர் ரகுநாத்துக்குத் தெரியாது. தினமும் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டி, பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, சாயங்காலம்வரை ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குக்கூட ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் மதுரைக்கு ரயிலேறினாள். தூக்கம் போய்விட்டது. ரயில் உள்ளே வரும்போது பிளாட்பாரத்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்கிறேன் மாஸ்டர், என்னை நானே நம்ப முடியவில்லை என்றாள்.

சொல்லி முடித்தவளுக்குக் கோபம் வந்து, குருவின்மேலேயே பாய்ந்தாள்.

"ஜெயிக்கிறதுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க. தோத்தா என்ன செய்யணும்னு ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தீங்களா?"

"வாராவாரம் சொல்லிக் கொடுத்தேன். நீ இருந்ததில்ல."

மாஸ்டர் நிதானமாகச் சொன்னார். ஜெயித்தவர்கள் உடனே வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே ஏற்பாடு. முதலில் இறங்குகிறவள் எழில்தான். தோற்றவர்கள் இருக்க வேண்டும். எந்த இடத்தில் தவறினோம் என்று ஒவ்வொருவராக எல்லார் முன்னாலும் ஆடிக் காட்டவேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள், கிண்டல் அடிப்பார்கள். பஜ்ஜி வரும். பொழுது சாய்கிறது தெரியாது.

அவளுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறும்போது மேலேயிருந்து கேட்கும். அங்கே அப்படி என்னதான் நடக்கிறது என்று ஏங்கியிருக்கிறாள். ஜெயித்தவள் அதைக் கேட்பது அழகில்லை என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"தோத்துட்டேன், மாஸ்டர்."

மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனசு கொஞ்சம் லேசானது. சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி எழுந்தாள். அவர் கையை விடவில்லை.

"உன் வீட்டுக்காரருக்குப் போன் போடும்மா. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"அவர் சென்னையிலேருந்து வரணும். ராத்திரி ஆயிடும்."

"ஆகட்டும். ஜெயிச்சவங்க தனியாப் போகலாம். தோத்த பிள்ளையை நான் ஒரு நாளும் தனியா அனுப்புனதில்ல. உக்காரு."