தார்ப்பாய்க்குள் பிடித்த வெயில்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஜெபக் கூட்டத்து ரெஜினா அக்காள். போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது சொன்னாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான், "இந்தக் கதையில வாறவங்க உனக்குத் தாய்வழிச் சொந்தம்லா" என்றாள். அன்றிலிருந்து இந்தக் கதைக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் சிரிக்கிறேன்.

மணப்புன்னையில் புஷ்பத்தம்மாள் என்று ஒருத்தி. மாதா தேருக்கு மல்லிகை மாலை கட்டுவது வருஷா வருஷம் அவள் கைதான். ஒரு வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. விடிந்து எழுந்தால் பத்து விரலும் முருங்கைக்காய் மாதிரி விறைத்து நிற்கும். காப்பித் தம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவாள்.

"முடியலைன்னா சொல்லிருங்கம்மா, கடை மாலை வாங்கிக்கிடலாம்" என்றார் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடை மாலையைப் போட்டுக்கொண்டு மாதா எப்படித் தெருவுக்கு வருவாள்?

அவளுக்கு மூன்று தம்பிகள். சூசை, மிக்கேல், லாசர். அக்காள் கேட்டால் உயிரையே கொடுப்பார்கள். மூளையைக் கேட்டால்தான் கையை விரிப்பார்கள். மூவருமாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது முடக்குவாதம். வைட்டமின் டி-யும் ரொம்பக் குறைவா இருக்கு. இந்த நோய் உள்ள நிறைய பேருக்கு அது குறைஞ்சுதான் இருக்கும். மூட்டு மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. காலையில கொஞ்ச நேரம் வெயில்ல உட்காரணும்."

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"அக்கா பாவம்ல. வெயில்ல உட்கார்ந்தா தலை வலிக்கும்" என்றான் லாசர்.

சூசை மூத்தவன், நிதானமானவன். "அக்காவுக்கு அம்மை போட்டப்போ நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டான்.

"மாதா கோயில்ல மொட்டை போட்ட."

"அம்மை யாருக்கு?"

"அக்காவுக்கு."

"மொட்டை யாருக்கு?"

"உனக்கு."

"குணமாச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்ப மொட்டைக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயமால?"

மிக்கேல், "அப்படின்னா மாத்திரையையும் நாமளே..." என்று இழுத்தான்.

புஷ்பத்தம்மாள் விடவில்லை. "ஏல, மாத்திரைச் சீட்டுல என் பேரு போட்டிருக்கு. வெயில்ல யார் பேரும் போடலை. அதை நீங்க பாத்துக்கிடுங்க."

அந்தக் குடும்பத்தில் படித்தவள் அவள்தான். ஐந்தாம் வகுப்பு.

மறுநாள் முதல் அவள் அடுப்படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். தம்பிகள் சட்டையைக் கழற்றி, "அக்காவுக்காக" என்று சிலுவை போட்டுக்கொண்டு முற்றத்தில் காய்ந்தார்கள்.

"எக்கா, ஏறுதா?"

"ஏறுத மாதிரிதாம்ல இருக்கு!"

மாத்திரை வேலை செய்து விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. பேர் என்னவோ தம்பிகளுக்குத்தான் போனது.

திருவிழா நெருங்கியபோது மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"வெயில்ல உட்கார்ந்தீங்களா?"

"உட்கார்ந்தோம் டாக்டரம்மா!" தம்பிகள் மூவரும் சட்டையைத் தூக்கித் திரும்பி நின்றார்கள். முதுகுத் தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. "எல்லாம் எங்ககிட்டயே தங்கிப்போச்சு போல. அக்காவுக்கு ஊத்திரலாம்லா?" என்றான் லாசர்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து புஷ்பத்தம்மாளும் எழுந்து நின்றாள்.

"நீங்க யாரும் காய வேண்டாம்" என்றார் கடைசியில். "வெயில் உங்க அக்கா மேல விழணும். அக்கா மேல மட்டும் விழுந்தா போதும்."

திருவிழா அன்று காலையில் புஷ்பத்தம்மாள் பூக்கூடையோடு முற்றத்தில் உட்கார்ந்தாள். வெயில் அவள்மேல் விழுந்தது. கோழிமேலும் விழுந்தது. கொடியில் கிடந்த வேட்டிமேலும் விழுந்தது.

சூசை பதறிப்போனான். "ஏல, அக்கா மேல மட்டும்னாங்க! இங்க கோழி வாங்கிட்டுப் போகுதே!"

கோழியை விரட்டினார்கள். வேட்டியை உருவினார்கள். அப்படியும் வெயில் நாலு பக்கமும் சிந்திக்கொண்டே இருந்தது.

"இட்லிச் சட்டியை மூடாம வச்சா ஆவி நிக்குமா?" என்றான் மிக்கேல்.

நீலத் தார்ப்பாய் வந்தது. "இப்ப நல்லா விழுது, சட்டுனு மூடு!" அக்காள், கூடை எல்லாவற்றையும் சேர்த்து மூடி, ஓரங்களில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

"எக்கா, வெயில் உள்ள இருக்கா?"

"கண்ணு தெரியலைல. ஆனா நல்லா வேர்க்குது. புடிச்சிட்டீங்க போல!"

அந்த இருட்டில் அவள் தடவித் தடவிக் கட்டினாள். விரல் மடங்கியது, முடிச்சு விழுந்தது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாதாவே, உமக்குக் கடை மாலை வேண்டாம்!

தார்ப்பாயைத் தூக்கினார்கள். மாலை அடர்த்தியாக, அழகாக இருந்தது. ஆனால் நார் கூடையிலேயே கிடந்தது. தார்ப்பாய் ஓரத்தோடு தைத்திருந்த கயிறு கைக்கு அகப்பட, அதிலேயே கட்டியிருந்தாள்.

மாலை வாங்க வந்த உபதேசியார் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தார். சூசை குறுக்கே விழுந்தான். "அக்கா விரல் போட்ட முடிச்சுய்யா! அறுக்கக் கூடாது!"

ஆகவே அந்த வருஷம் மாதா தேரில் மாலையோடு தார்ப்பாயும் ஊர்வலம் போனது.

பூ வாடிய பிறகு, தார்ப்பாயைக் கோயில் சாமான் அறையில் மடித்து வைத்திருக்கிறார்களாம். நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், தயவுசெய்து அதை எடுத்து உதறிவிடாதீர்கள். எங்கள் புஷ்பத்தம்மாளுடைய மிச்ச வெயில் அதற்குள்தான் இருக்கிறது.