கடைக்குட்டிக்கும் பச்ச

"மேடம், இந்தக் கடைக்குட்டி என் உசுர வாங்குறான்"னு வந்து நின்னாரு ஏகாம்பரம்.

பெனாசிர் நிமிந்து பாக்கல. கொய்யாக்காயச் சின்னச் சின்னதா நறுக்கி மொளகாப்பொடி தூவிக்கிட்டு இருந்துச்சு.

கடைக்குட்டின்னதும் அவரு பெத்த புள்ளன்னு நெனச்சுராதீங்க. அது ஒரு பிரவுசரு.

மதுரைல ஒரு கம்பெனி. அங்க ஏகாம்பரத்துக்கு என்ன வேலன்னா, ஒரு வெப்சைட்டு வெளிய போறதுக்கு முன்னாடி எல்லா பிரவுசர்லயும் அது ஒழுங்கா ஓடுதான்னு பாக்குறது. கையால இல்ல. புரோகிராம் எழுதி விட்டுட்டா அதுவே பக்கத்தத் தொறக்கும், அதுவே பேரு அடிக்கும், அதுவே பட்டன அமுக்கும். வேல நடந்தா பச்ச. நடக்கலேன்னா செவப்பு. மனுசன் வெளிய போயி ஒரு வடையத் தின்னுட்டு வந்து கலரப் பாத்தாப் போதும்.

மூணு பிரவுசர்ல ஓட்டணும். மூணுக்கும் பேரு வச்சிருந்தாரு. மூத்தவன், நடுவுலவன், கடைக்குட்டி.

மூத்தவனும் நடுவுலவனும் சொன்னபடி கேப்பானுங்க. கடைக்குட்டி மனசு வச்சாத்தான்.

ஏகாம்பரத்துக்குத் தலைல முக்காவாசி நரை. வேல பாத்த கொரியர் ஆபீச மூடுனப்பறம் கோர்ஸ் படிச்சுட்டு இங்க வந்தவரு. வேல இன்னும் நிரந்தரம் ஆகல. பெனாசிருக்கு இப்பத்தான் பல்லுல கம்பி கட்டியிருக்கு. ஆனா டெஸ்டிங்னு வந்துட்டா அந்தக் கட்டடத்துல அதுதான் குரு. யாரும் பட்டம் குடுக்கல. எல்லாரும் அதுக்கிட்டதான் போயி நிப்பாங்க, அவ்வளவுதான்.

"இப்ப என்னண்ணே பண்றான்?"

"இப்ப அடங்கிட்டான் மேடம்."

"எப்பிடி?"

"செவப்பு வந்தா விடாத, மறுபடி ஓட்டுன்னு ஒரு வரி எழுதிப் போட்டேன். மறுபடியும் செவப்புன்னா இன்னொரு வாட்டி. எப்பப் பச்ச வருதோ அத மட்டும் குறிச்சுக்கன்னுட்டேன். ரிப்போர்ட்டப் பாருங்க, நாத்து நட்ட வயலாட்டம் இருக்கு."

"செவப்பு ஏன் வருது?"

"பட்டன அமுக்குறான், ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. மறுபடி அமுக்குனா நடக்குது. அவன் பொறவியே அப்பிடி மேடம். நாம என்ன பண்ண முடியும்?"

பெனாசிர் ஒரு துண்டு கொய்யாவ வாய்ல போட்டுச்சு. கம்பில மாட்டிக்கிச்சு. நாக்கால எடுத்துச்சு.

"என்ன பக்கம் அது?"

"ஆஸ்பத்திரிப் பக்கம். டயாலிசிசுக்குப் பெட் புக் பண்றது. காலைல ஆறு மணிக்குத் தொறக்கும். பல்லு வெளக்கிட்டு வந்து பாத்தா ஒரு பெட்டு இருக்காது. அம்புட்டுக் கூட்டம்."

"சரி, எங்கிட்ட என்ன வேணும்?"

"மூணு மணிக்கு மீட்டிங்கு. விடலாமான்னு மேனேஜர் கார்மேகம் சார் கேப்பாரு. நான் தலையாட்டுனா நாளைக்குக் காலைல பக்கம் வெளிய போயிரும். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா தெம்பா ஆட்டுவேன். விடலாமா மேடம்?"

"வேணாம்."

ஏகாம்பரம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"மூத்தவன் பச்ச. நடுவுலவன் பச்ச. கடைக்குட்டிப் பய கூடப் பச்ச. விடலாமா?"

"வேணாம்."

அவரு எந்திரிச்சுப் போயி மெஷின்ல ஒரு டீ புடிச்சாரு. நொறை தளும்பாமக் கொண்டாந்து, கொய்யாத்தட்டு பக்கத்துல மெதுவா வச்சாரு.

"விடலாமா மேடம்?"

"விடலாம்."

மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு. ரிப்போர்ட்ட கக்கத்துல இடுக்கிக்கிட்டு லிஃப்ட் வரைக்கும் போனாரு.

லிஃப்ட் வந்துச்சு. அவரு ஏறல.

அந்தப் புள்ள முன்னாடி ஏன் வேணாம்னுச்சு? இப்ப ஏன் விடலாம்னுச்சு? நடுவுல என்ன மாறுச்சு? பக்கம் அதே பக்கம். ரிப்போர்ட்டு அதே ரிப்போர்ட்டு. டீ ஒண்ணுதான் புதுசு.

லிஃப்ட் மூடிக்கிட்டுக் கீழ போயிருச்சு. ஏகாம்பரம் திரும்பி வந்தாரு.

"மேடம், வேணாம்னீங்க. மறுபடியும் வேணாம்னீங்க. அப்பறம் விடலாம்னீங்க. இதுல எத நான் எடுத்துக்கிறது?"

"எதண்ணே எடுத்துக்கிட்டீங்க?"

"கடைசியாச் சொன்னத."

"அப்பறம் என்ன? பச்சதான்."

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் டீ கிளாசயே பாத்துக்கிட்டு நின்னாரு.

"காலைல ஆறு மணிக்கு மொத வாட்டி அமுக்குறவுங்களுக்கு..."ன்னு ஆரம்பிச்சாரு.

"சக்கர கம்மிண்ணே"ன்னுச்சு பெனாசிர்.

அவரு சீட்டுக்குப் போனாரு. மறுபடி ஓட்டுன்னு போட்ட அந்த வரிய அழிச்சாரு. திரும்ப ஓட்டுனாரு. வடை திங்கப் போகல. ஸ்கிரீன் முன்னாடியே உக்காந்துட்டாரு.

மூத்தவன் பச்ச. நடுவுலவன் பச்ச.

கடைக்குட்டி செவப்பு.

மூணு மணிக்கு மீட்டிங்கு. கார்மேகம் சார் லேப்டாப்புல இருந்து கண்ண எடுக்காமக் கேட்டாரு.

"என்ன ஏகாம்பரம், விடலாமா?"

"வேணாம் சார்."

கார்மேகம் நிமிந்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டுனாரு.

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நாளைக்குன்னு வாக்குக் குடுத்தாச்சு. உங்க வேல விசயம் பேசுறதும் இந்த மாசந்தான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விடலாமா?"

ஏகாம்பரத்துக்கு வேர்த்துச்சு. ஏ.சி. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"வேணாம் சார்."

கார்மேகம் சிரிச்சாரு. மேசைல தனக்கு வந்திருந்த டீய எடுத்து இவரு பக்கம் தள்ளி விட்டாரு.

"குடிங்க மொதல்ல. குடிச்சுட்டுச் சொல்லுங்க. விடலாம்ல?"

ஏகாம்பரம் டீய எடுத்தாரு. ஊதி ஊதி, நிதானமா, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. கிளாச வச்சாரு.

"டீ நல்லாருக்கு சார்" அப்டீன்னாரு. "வேணாம்."