உறைக்கு வேண்டிய பெயர்

பூவரசி என்றொரு கபடிக்காரி இருந்தாள். அவளுடைய மார்புக்கூட்டின் வலது பக்கத்தில் ஒரு நுரையீரலும், அதைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஓர் உறையும் குடியிருந்தன.

பூவரசி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால், ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். "நுரையீரலா அது, கொல்லன் துருத்தி" என்பார் பயிற்சியாளர் செங்கோடன். அதைக் கேட்கும்போதெல்லாம் உறைக்கு வயிறு எரியும். உறைக்கு ஏது வயிறு என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு அதெல்லாம் தேவையில்லை.

நுரையீரல் எங்கும் உரசாமல் விரியட்டும் என்று, இரண்டு மடிப்புக்கும் நடுவே துளி நீரை விட்டுக் காத்துவந்தது உறைதான். நாளொன்றுக்கு இருபதாயிரம் தடவை. ஒருத்தராவது அதன் பெயரைச் சொன்னதுண்டா?

"நான் இல்லேன்னா நீ ஒழுங்கா ஒரு மூச்சு விட்டுருவியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டது.

நுரையீரல் வெள்ளந்தி. "முடியாதுதான் அக்கா" என்றது. அந்தப் பணிவுதான் உறைக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கியது. பூவரசி மழையிலும் பயிற்சியை விடவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு கிருமி வந்து இடம் கேட்டது. நுரையீரலுக்கு ஒரு பாடம் கற்பிக்கலாம் என்று, உறை தன் மடிப்புக்குள்ளேயே இடம் கொடுத்தது. இரண்டே நாளில் உறை சிவந்து வீங்கி, வழவழப்பெல்லாம் போய்ச் சொரசொரத்தது.

போட்டியன்று பூவரசி கோட்டருகே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். விலாவில் கத்தி செருகியதுபோல் வலித்தது. அரை மூச்சோடு உள்ளே போனாள். பாதியில் பாட்டு அறுந்தது. நடுவர் அவளை வெளியேற்றினார்.

வாய்வுப் பிடிப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் செங்கோடன். தைலம் தேய்த்தார், பூண்டை நசுக்கித் தின்னக் கொடுத்தார். உறைக்குப் பொறுக்கவில்லை. இத்தனையும் செய்தது அது, பேர் வாங்கியது வாய்வு.

மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா முதுகில் குழலை வைத்துக் கேட்டார். புதுச் செருப்பு நடக்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம்.

"உறையில அழற்சி" என்றார்.

உறை பூரித்துப்போனது. முதன்முதலாக அதன் பெயரை ஒருத்தர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்த செங்கோடன் அணிக்காரர்களுக்குப் போன் போட்டார். "நம்ம பூவரசிக்கு நுரையீரல்ல ஏதோ கோளாறாம். லிஸ்ட்ல அவ பேரு இல்ல."

பூவரசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அவள் விம்மிய ஒவ்வொரு தடவையும் உறை துடித்தது. ஒரு கட்டத்தில் அதுவே நுரையீரலிடம் பேச்சுக் கொடுத்தது.

"உனக்கும் இப்படித்தான் வலிக்குதா?"

"வலியா?" என்று நுரையீரல் விழித்தது. "எனக்கு அதெல்லாம் தெரியாதே அக்கா. நம்ம ரெண்டு பேர்ல வலி உனக்கு மட்டும்தானே உண்டு."