அறுபது விநாடி

அருளப்பன் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டாம் வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினி அறையில் சேர்ந்தார்.

அந்த அறையின் பொறுப்பாளர் செண்பகவல்லி. அவரைவிடப் பதினான்கு வயது இளையவள்.

சேர்ந்த அன்றே அவர் சொன்னார்: "எனக்கு வயசுதான் இருக்கு மேடம். இந்த வேலை தெரியாது. முதல்லேருந்து சொல்லிக் கொடுங்க."

"தெரியாததைக் கேளுங்க அண்ணாச்சி. தெரிஞ்ச மாதிரி இருக்கிறதை இன்னும் ரெண்டு தடவை கேளுங்க" என்றாள் அவள்.

அவர் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடமாட்டாள். சில கேள்விகளுக்கு ஒரு ஒயரைக் கையில் கொடுப்பாள். சிலவற்றுக்கு, "நாளைக்கு" என்பாள். அருளப்பன் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். எட்டு மணிக்கு எல்லாக் கவுன்ட்டரிலும் திரை அப்படியே நின்றுபோனது. பதிவுச் சீட்டு வரவில்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் வேர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். யாரோ அவருக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள்.

அருளப்பன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கே அது பெருமையாக இருந்தது.

எல்லாக் கிளைகளின் விவரங்களும் நடுவில் இருக்கும் ஒரு கணினி வழியாகத்தான் பெரிய சேமிப்புக் கணினிக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் ஓர் இணைப்பு திறக்கும். வேலை முடிந்ததும் மூடும். ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. மூடியபின் அந்த எண்ணைக் கணினி உடனே இன்னோர் இணைப்புக்குக் கொடுத்துவிடாது. அறுபது விநாடி சும்மா வைத்திருக்கும். அதன்பிறகுதான் அது பொது.

போன வாரம் போட்ட புது மென்பொருள், ஒரு சீட்டுக்கு நாற்பது தடவை இணைப்பைத் திறந்து மூடியது. கணினியிடம் மொத்தமாக இருந்த இருபத்தெட்டாயிரம் எண்களும் மூடிய நிலையில் சும்மா இருந்தன. புதிதாகத் திறக்க ஓர் எண்கூட மிச்சமில்லை.

"மேடம், இந்தக் கணினியில அந்த அறுபதை ஒண்ணுன்னு மாத்த வழி இருக்கு" என்றார் அருளப்பன். "ஒரே வரி. மாத்தட்டுமா?"

"வேண்டாம்."

"வெளியில ஜனங்க நிக்காங்க மேடம்."

"தெரியும். அந்தக் கணினிக்கு இரண்டாவதா ஒரு முகவரி கொடுங்க. அந்த முகவரிக்குத் தனியா இருபத்தெட்டாயிரம் எண் கிடைக்கும்."

அதற்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் மேலாளர் கதவருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டது. மறுநாள் மென்பொருள்காரர்களை வரவழைத்து, திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருந்து அதிலேயே எல்லாவற்றையும் அனுப்பும்படி மாற்றச் சொன்னாள் செண்பகவல்லி. அதோடு தொல்லை தீர்ந்தது.

அருளப்பனுக்குத் தீரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்.

"மேடம், இணைப்பை மூடும்போது இந்தப் பக்கம் 'முடிச்சுக்கலாம்'னு சொல்லுது. அந்தப் பக்கம் 'சரி'ங்குது. அதுவும் 'முடிச்சுக்கலாம்'னு சொல்லுது. இது 'சரி'ங்குது. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு முடிஞ்சுது. அப்புறம் அறுபது விநாடி யாருக்காகக் காத்திருக்கணும்?"

செண்பகவல்லி டிபன் பாக்ஸை மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா அண்ணாச்சி?"

"காலையில கோயில். பத்து மணிக்கு மேல சும்மாதான்."

"கல்லிடைக்குறிச்சி வரைக்கும் வாங்க."

பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். சேரன்மகாதேவி தாண்டியதும், நேரே பார்த்தபடி சொன்னாள்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு காலை. இதே மாதிரி கூட்டம். நான் அறுபதை ஒண்ணுன்னு மாத்தினேன்."

அருளப்பன் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷத்துல எல்லாம் ஓடிச்சு. மேலாளர் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சம்பளம் ஏறிச்சு."

"பிறகு?"

"அம்பாசமுத்திரம் கிளை லைன் மழைக்கு மெதுவாயிரும். ஒருத்தரோட முடிவு அங்கேருந்து கிளம்பி, வழியில அந்தத் தகவல்ல ஒரு துண்டு தங்கிருச்சு. வரலேன்னதும் அந்தக் கணினி அதையே திரும்ப அனுப்பிச்சு. அது வந்து சேர்ந்தது. பேச்சு முடிஞ்சது. மூடினாங்க. அடுத்த விநாடியே அதே எண்ணை அடுத்த ஆளோட முடிவுக்குக் கொடுத்தாச்சு. அப்பதான் தங்கிப்போன பழைய துண்டு வந்தது. எண் சரியா இருந்தது. உள்ள இருக்கிற வரிசை எண்ணும் ஒத்துப்போச்சு. லட்சத்துல ஒரு தடவைதான் அப்படி ஒத்துப்போகும். கணினி அதைப் புது ஆளோடதுன்னு எடுத்துக்கிட்டது."

"என்ன முடிவு அது?"

"ஹெபடைடிஸ் பி. இருக்குன்னு."

கண்டக்டர் வந்தார். அருளப்பன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

கல்லிடைக்குறிச்சியில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை. வாசலில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் கிடந்தன. உள்ளே நாற்பது வயதுக்காரர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் ஐயம்பெருமாள்.

"வாம்மா" என்றார். "இந்த வருசம் மழைக்கு முன்னாடியே வந்துட்ட."

"இவர் அருளப்பன். எங்கூட வேலை பார்க்கார்."

"உக்காருங்க சார். கம்பியை நடுவுல விட முடியாது. சுத்து எண்ணிக்கை தப்பிரும்."

இருவரும் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றினார். முடிந்ததும் நூலால் கட்டி வைத்துவிட்டு, எதிர்க்கடையில் மூன்று டீ சொன்னார்.

"பாப்பா என்ன படிக்கா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"ஒண்ணாப்பு. வாய்ப்பாடு ஏழு வரைக்கும் சொல்லுதா. எட்டுல முட்டுது." அவர் சிரித்தார். பிறகு அருளப்பனைப் பார்த்தார். "சாருக்கு என் கதை தெரியுமா?"

"பாதி தெரியும்" என்றார் அருளப்பன்.

"மீதி பெருசா ஒண்ணும் இல்ல சார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்துச்சு. பத்திரிகை குடுத்தாச்சு. ஒரு ஆபரேசனுக்கு ரத்தம் வேணும்னாங்க, குடுக்கப் போனேன். டெஸ்ட் எடுத்தாங்க. முடிவு வந்துச்சு. மறைக்கலாம்னு எங்க அண்ணன் சொன்னான். நான் கேக்கலை. பொண்ணோட அப்பாகிட்ட நேராப் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுசன். ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. கல்யாணத்தை மட்டும் நிறுத்தினார்."

டீ வந்தது. ஐயம்பெருமாள் தன்னுடையதை ஆறவிட்டார்.

"பதினோரு நாள் என் தட்டைத் தனியாக் கழுவினேன். பன்னெண்டாவது நாள் இந்தப் பிள்ளை வந்து நின்னுச்சு. 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல. வேற ஒருத்தரோடது. தப்பு என்னோடது'ன்னு சொல்லிச்சு. மிஷின் கோளாறுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை."

"மேலாளர் அப்படித்தான் சொல்லச் சொன்னார்" என்றாள் செண்பகவல்லி.

"அதுக்குள்ள அந்தப் பொண்ணை அத்தை மகனுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. அதே தேதி. அதே மண்டபம்."

ஒருவர் சைக்கிளில் மோட்டார் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். ஐயம்பெருமாள் எழுந்து போய் அதைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "புதன்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நேரத்துல நடந்ததும்மா அது? நீ முன்னாடி சொன்ன. மறந்துட்டேன்."

"அறுபது விநாடி பொறுத்திருந்தா நடந்திருக்காது."

அவர் தலையாட்டினார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன். இது வரைக்கும் சொன்னதில்ல. கல்யாணம் நின்ன அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சு."

செண்பகவல்லி நிமிர்ந்தாள்.

"மூணு தடவை அடிச்சுச்சு. நான் எடுக்கலை. அதான் முடிஞ்சுபோச்சே, இனிமே பேச என்ன இருக்குன்னு நெனச்சேன். சிம்மைக் கழட்டி வாய்க்கால்ல போட்டேன். மறுநாள் வேற நம்பர் வாங்கிட்டேன்." அவர் தம்ளரைப் பார்த்தார். "என்ன சொல்லக் கூப்பிட்டுதோ. 'போ'ன்னு சொல்லத்தான் இருக்கும். 'இரு'ன்னு சொல்லவும் இருக்கும். உன் தப்புல பாதி என்கிட்டயும் இருக்கும்மா. இத்தனை வருசம் முழுசையும் நீயே தூக்கிட்டு வந்து வந்து போற. பார்க்கச் சங்கடமா இருக்கு."

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்தது. துடைக்காமல் இருந்தாள்.

"எனக்கு இப்பக் குறை ஒண்ணும் இல்ல" என்றார் ஐயம்பெருமாள், அருளப்பனிடம். "வீட்டுக்காரி நல்லவ. பாப்பா இருக்கா. சும்மா, ஒரு நாளு சொல்லணும்னு இருந்துச்சு."

அவர் மறுபடியும் கம்பிச் சுருளை எடுத்தார். இவர்கள் எழுந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் தணிந்திருந்தது. தாமிரபரணிப் பக்கமிருந்து காற்று வந்தது. இரண்டு பஸ் நிற்காமல் போயின. அருளப்பன் வெகுநேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த முடிவு யாரோடதோ, அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கும் சரியான முடிவு போயிருந்தது. மருந்து எடுத்துக்கிட்டார். நல்லாயிருக்கார். ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு அதே முடிவு, ஒரு எழுத்து மாறாம வந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது."

"ஐயம்பெருமாள்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"முதல் நாளே."

"மன்னிச்சாரா?"

"அதுவும் முதல் நாளே."

அருளப்பனுக்கு விளங்கவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு வருடம், பேச்சு முடிந்ததும் லைனைத் துண்டித்துப் பழகியவர் அவர்.

"தப்பைச் சொல்லியாச்சு. மன்னிப்பும் கிடைச்சாச்சு. ரெண்டு பக்கமும் முடிஞ்ச விஷயம். பிறகு எதுக்கு மேடம் வருஷா வருஷம் வாறீங்க?"

பஸ் வந்தது. செண்பகவல்லி படியில் கால் வைத்துத் திரும்பினாள்.

"அவர் இன்னும் ஏதாவது சொல்ல இருக்கலாம் அண்ணாச்சி."