போல்ட்டின் மேல் சந்தனம்

டாக்ஸி ஓட்டும் குழந்தைவேலுவின் காரில் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. வாரண்டி இன்னும் பாக்கி இருந்தது. சர்வீஸ் சென்டர் மேனேஜர் தண்டபாணி அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

"போன வாரம் வெளியில எவன்கிட்டயோ குடுத்து இன்ஜினைப் பிரிச்சிருக்கே! வாரண்டி கிடையாது, போய்யா!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைவேலு கூனிக்குறுகிப் போனான்.

"பிரிக்கணும்னா இன்ஜின் மேல இருக்கிற போல்ட்டைக் கழட்டணுமே, சார்?"

"பின்னே, மந்திரம் போட்டா திறப்பாங்க?"

குழந்தைவேலு பானெட்டைத் தூக்கினான். போல்ட்டை மூடிக் காய்ந்திருந்த சந்தனப் பொட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"போன மாசம் ஆயுத பூஜைக்கு இங்கே நீங்களே உங்க கையால வச்சது, சார்."

யாரோ சிரித்தார்கள். தண்டபாணி தலையைக் குனிந்து, வியர்வையைத் துடைப்பதுபோல் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவர் நெற்றிச் சந்தனம்தான் அழிந்தது.